நம்பலாமா? - 9: 293 கி.மீ ரேஸ்... ஒரு சின்ன லீவர்... சைக்கிள் சீட்டை நம்பி இறங்கிய மொஹோரிச்!

2022, மார்ச் 19. இத்தாலியின் மிலன் - சான்ரெமோ சைக்கிள் ரேஸ். மொத்த தூரம் 293 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கும் மேல் பெடல் மிதித்துக் களைத்த வீரர்களுக்கு முன்னால் இருப்பது போஜியோ என்ற கடைசிக் குன்று மட்டும்தான். அதன் உச்சியிலிருந்து ஃபினிஷ் லைனுக்கு ஆறு கிலோமீட்டர்கூட இல்லை.

ஏற்றத்தில் தடேய் போகச்சார் திரும்பத் திரும்ப வேகமெடுத்துப் பார்த்தார். வவுட் வான் ஆர்ட், மத்தியூ வான் டெர் போல் எனப் பெரிய தலைகள் விடாமல் பின்தொடர்ந்தனர். யாராலும் தனியாகப் பிரிந்துபோக முடியவில்லை. உச்சியைத் தாண்டியதும் கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மத்தேய் மொஹோரிச். ஹேண்டில்பாரில் இருந்த சின்ன லீவரை அழுத்த, அவர் உட்கார்ந்திருந்த சீட் கீழே இறங்கியது!

அதன்பிறகு நடந்ததை டி.வி-யில் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒரு வளைவில் சாலையின் விளிம்பு வரை போய், விழப்போகிறார் என்று நினைத்த நொடியில் சமாளித்து மேலே வந்தார். வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஃபினிஷ் லைனைத் தொட்டபோது, இரண்டாவதாக வந்த அந்தோணி துர்ஜிக்கும் அவருக்கும் இடைவெளி வெறும் 2 விநாடிகள்.

அன்று அவர் சைக்கிளில் இருந்தது ரோடு சைக்கிளுக்கான பாகமே இல்லை. மலைப்பாதைகளில் ஓட்டும் மவுன்டைன் பைக்கிலிருந்து கடன் வாங்கிய 'டிராப்பர் சீட்போஸ்ட்'. 

இந்த வாரக் கேள்வியும் அதைப் பற்றித்தான். ஓடும்போதே ஏறி இறங்கும் ஒரு சீட்டை நம்பலாமா?

சீட்டை எதற்கு இறக்க வேண்டும்?

சைக்கிளில் சீட் உயரம் எவ்வளவு முக்கியம் என்பது குரங்குப் பெடல் போட்டுப் பழகிய யாருக்கும் தெரியும். மிதிக்கும்போது கால் கிட்டத்தட்ட முழுதாக நீள வேண்டும். அப்போதுதான் பலம் முழுக்கப் பெடலில் இறங்கும், முட்டியும் வலிக்காது. அதற்கு சீட் உயரமாக இருக்க வேண்டும்.

இறக்கத்தில் கதை அப்படியே தலைகீழ். செங்குத்தான சரிவில் உடம்பைப் பின்னாலும் கீழேயும் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் உயரமான சீட் வயிற்றிலோ தொடையிலோ இடிக்கும். பின்னால் நகர இடம் கிடைக்காது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால், ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து முன்னால் விழ வேண்டியதுதான்.

பழைய வழி எளிமையானது. உச்சியில் வண்டியை நிறுத்து, கிளாம்ப்பைத் தளர்த்து, சீட்டை இறக்கு. அடிவாரம் போனதும் திரும்ப நிறுத்து, ஏற்று. 1980-களில் கலிஃபோர்னியாவில் மவுன்டைன் பைக் முன்னோடிகளில் ஒருவரான ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 'ஹைட் ரைட்' என்ற ஸ்பிரிங்கைக் கொண்டு வந்தார்கள். கிளாம்ப்பைத் தளர்த்தினால் போதும், சீட்டைப் பழைய உயரத்துக்கு ஸ்பிரிங் தூக்கிக் கொடுக்கும். ஆனாலும், கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

இன்றைய டிராப்பரில் அந்தத் தொல்லை இல்லை. கட்டை விரலால் லீவரை அழுத்தி உட்கார்ந்தால் சீட் இறங்கும். எழுந்து நின்று லீவரை அழுத்தினால் சீட் தானாக மேலே வரும். 2010-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் 'ரெவெர்ப்' வந்த பிறகு, இது மலைப்பாதை சைக்கிள்களில் வேகமாகப் பரவியது.

உள்ளே என்னதான் இருக்கிறது?

வெளியே ஒரு குழாய், அதற்குள் வழுக்கி ஏறி இறங்கும் இன்னொரு குழாய். பெரும்பாலான மாடல்களில் உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதில் அழுத்தத்தில் அடைத்த வாயுவும் எண்ணெயும் தனித்தனி அறைகளில் இருக்கும். லீவரை அழுத்தினால் வால்வு திறக்கும். எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக, சீட் நகரும். லீவரை விட்டதும் வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெய் எங்கேயும் நகர முடியாது என்பதால் சீட் அந்த இடத்திலேயே நிற்கும். ஆபீஸ் நாற்காலியை ஏற்றி இறக்கும் அதே தத்துவம்தான்.

சீட் இடமும் வலமும் திரும்பிவிடாமல் இருக்க, இரண்டு குழாய்களுக்கும் நடுவே சின்னச் சின்ன உலோகச் சாவிகள் இருக்கும். தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்க, மேல் விளிம்பில் ஒரு ரப்பர் சீல்.

மொஹோரிச் பயன்படுத்திய ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'டிரான்ஸ்ஃபர் எஸ்.எல்' இதைவிட எளிமையானது. எண்ணெய்க்குப் பதில் அதில் ஸ்பிரிங்தான். ஒன்று முழு உயரம், இல்லையென்றால் முழு இறக்கம். நடுவில் எங்கேயும் நிற்காது. வசதி கொஞ்சம் குறைவு. ஆனால் எடையும் குறைவு, கெட்டுப்போக உள்ளே இருக்கும் சமாசாரமும் குறைவு.

எங்கே கெடும்?

டிராப்பர் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

1. சீட் லேசாக அமுங்குகிறது: எண்ணெய் இருக்க வேண்டிய அறைக்குள் வாயு புகுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். அதனால்தான் உட்கார்ந்ததும் சில மில்லிமீட்டர் கீழே போகிறது.

2. மெதுவாக மேலே வருகிறது: சீல் காய்ந்திருக்கலாம், உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கலாம், வாயு அழுத்தம் குறைந்திருக்கலாம். கடும் குளிரிலும் இது நடக்கும்.

3. இடமும் வலமும் ஆடுகிறது: உள்ளே இருக்கும் சாவிகள் தேய்ந்துவிட்டன. புது போஸ்ட்டிலேயே மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது சகஜம். நாளுக்கு நாள் கூடினால்தான் கவனிக்க வேண்டும்.

4. லீவரை அழுத்தினாலும் அசையவில்லை: அனுபவமுள்ள மெக்கானிக் போஸ்ட்டைத் தொடுவதற்கு முன் கேபிளைத்தான் பார்ப்பார். துரு, சேறு, தளர்ந்த நுனி என ஏதாவது ஒன்று இருக்கும்.

5. ஏறி இறங்கும்போது இறுக்கம்: பல நேரம் குற்றவாளி டிராப்பரே இல்லை, ஃபிரேமில் இருக்கும் கிளாம்ப்! அதை அதிகமாக முறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் சீட் சரசரவென ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

மேலே நின்றால் ஒரு தொல்லை, கீழே நின்றால் வேறு தொல்லை

'கெடுமா, கெடாதா?' என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அசையும் பாகம் எதுவும் ஒருநாள் கெடும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். கெட்டால் என்ன ஆகும்?

சீட் கீழேயே சிக்கிக்கொண்டால் ஆபத்து இல்லை, அவஸ்தைதான். வீட்டுக்கு 30 கிலோமீட்டர் இருக்கிறது என்றால், அவ்வளவு தூரமும் நின்றுகொண்டோ, முட்டி மடங்கிய நிலையிலோ மிதிக்க வேண்டும். அடுத்த நாள் முட்டி பேசும். தொலைதூரம் போகும் சிலர் இதற்காகவே உள்குழாயின் அளவுக்குப் பொருந்தும் சின்ன கிளாம்ப் ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். சீட்டைக் கையால் தூக்கி, உள்குழாயில் கிளாம்ப்பை மாட்டினால் கீழே இறங்காது. குழாயில் கீறல் விழலாம், ஆனால் வீடு போய்ச் சேரலாம்.

மேலேயே சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. அதுவும் சரிவின் நடுவில் தெரியவந்தால்! இதைத் தவிர்க்கும் வழிக்குக் காசே செலவில்லை. இறக்கம் தொடங்குவதற்கு முன், உச்சியில் நிற்கும்போதே ஒருமுறை சீட்டை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். இறங்கவில்லையா? கிளாம்ப்பைத் தளர்த்தி, கேபிள் இடம் கொடுக்கும் அளவுக்கு போஸ்ட்டையே உள்ளே தள்ளிவிடலாம். அதுவும் முடியவில்லை என்றால், செங்குத்தான இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த அவமானமும் இல்லை.

அமுங்குவது, மெதுவாவது, ஆடுவது என மேலே சொன்ன புகார்களில் பல, நாள்கணக்கில் முன்கூட்டியே சமிக்ஞை கொடுப்பவை. கவனிக்கிறவர்களை டிராப்பர் திடீரென ஏமாற்றுவது அரிது.

கேபிளா, எண்ணெயா, வயர்லெஸ்ஸா?

லீவரையும் போஸ்ட்டையும் இணைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. 

சாதாரண கேபிள் மலிவானது. கியர் கேபிள் விற்கும் எந்த சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். அழுக்கு சேர்வது மட்டும்தான் குறை.

எண்ணெய்க் குழாய் வழியாக இயங்கும் லீவர்கள் அழுத்த மென்மையாக இருக்கும். ஆனால் காற்று புகுந்துவிட்டால், பிரேக்குக்குச் செய்வதுபோல 'பிளீட்' செய்ய வேண்டும். வழியில் நின்று செய்கிற வேலை அல்ல.

வயர்லெஸ் 2019-ல் 'ரெவெர்ப் ஆக்ஸஸ்' மூலம் பிரபலமானது. அறிமுகமானபோது விலை 800 டாலர்! கேபிள் தொல்லை கிடையாது. அதே குடும்பத்து வயர்லெஸ் கியர் இருந்தால், அவசரத்துக்கு அந்த பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டலாம். சீட் அமுங்கும் பிரச்னைக்காகவே, உள்ளே புகுந்த காற்றை வீட்டிலேயே வெளியேற்றும் வால்வும் இதில் கொடுத்தார்கள். ஆனால் சார்ஜ் போட மறந்தால் 800 டாலரும் சும்மாதான்.

வீட்டிலிருந்து வெகுதூரம் போகிறவர்களுக்கு எளிமையான பதில் கேபிள்தான்.

ஐந்து நிமிடப் பரிசோதனை

ஏற்கெனவே டிராப்பர் வைத்திருப்பவர்களும், செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

* சீட்டை முழு உயரத்தில் வைத்து, லீவரைத் தொடாமல் மொத்த எடையையும் போட்டு உட்காருங்கள். இறங்கினால் கார்ட்ரிட்ஜுக்கு வேலை வந்துவிட்டது.
* சீட்டின் முனையைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஆட்டத்தின் அளவை நினைவில் வைத்து, அடுத்த மாதம் ஒப்பிடுங்கள்.
* உள்குழாயை விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் சீல் சீக்கிரம் போகும். பழைய போஸ்ட் வாங்கும்போது இதுதான் முதல் சோதனை.
* லீவர் வேலை செய்யவில்லையா? போஸ்ட்டை வெளியே எடுத்து, கேபிளைக் கழற்றி, அடியில் இருக்கும் விசையைக் கையால் அழுத்துங்கள். சீட் அசைந்தால் போஸ்ட்டில் குறையில்லை, கேபிளை மாற்றினால் போதும். கேபிள் போஸ்ட்டின் அடியில் இணையும் மாடல்களுக்கு இது பொருந்தும்.

ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் உள்குழாயையும் சீலையும் துணியால் துடைத்துவிடுங்கள். சேற்றோடு ஏற்றி இறக்குவது, உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

சீட் இறங்கிய நிலையில், சீட்டைப் பிடித்து சைக்கிளைத் தூக்காதீர்கள். எண்ணெயில் இயங்கும் போஸ்ட்டுகளில் இப்படி இழுத்தால் வாயு தவறான அறைக்குள் போக வாய்ப்பு உண்டு. ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டும்போது பளபளப்பான உள்குழாயைப் பிடித்து இறுக்காதீர்கள். கிளாம்ப்பை, அதில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

சர்வீஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுவதே நல்லது. மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் அதைவிட முன்பே செய்துவிடலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

ஒன்று, கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா? கிடைத்தால், கெட்டுப்போனாலும் மொத்த போஸ்ட்டையும் தூக்கிப்போட வேண்டாம். இரண்டு, சீலையும் சாவிகளையும் வீட்டில் இருக்கும் கருவிகளை வைத்தே மாற்ற முடியுமா? மூன்று, உங்கள் ஃபிரேம் என்ன அளவு? 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ எனப் பல அளவுகள் இருக்கின்றன. தவறான அளவை வாங்கிவிட்டு உள்ளே திணிக்க முடியாது. நான்கு, வாரன்ட்டிக்கு எங்கே அனுப்ப வேண்டும்? கடல் கடந்து அனுப்ப வேண்டும் என்றால் அந்த வாரன்ட்டியின் மதிப்பு பாதிதான்.

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால், விலை குறைந்த மாடலையும் நம்பலாம். கிடைக்காவிட்டால், விலை உயர்ந்ததையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். சமதளச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. அரைக் கிலோ அளவுக்கு இருக்கும் ஒரு பாகத்தைச் சும்மா சுமப்பானேன்?

மறுபடி போஜியோவுக்கு...

இறக்கத்தின் ஆபத்து மொஹோரிச்சுக்குப் புதிதல்ல. 2013-ல் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாம்பியன் பட்டத்தை, சீட்டை விட்டு இறங்கி ஃபிரேமின் மேல்குழாயில் குந்தியபடி வேகமெடுத்து ஜெயித்தவர் அவர். அந்த நிலையில் ஓட்டுவதை 2021-ல் சர்வதேச சைக்கிளிங் அமைப்பு தடை செய்தது. அதே ஆண்டு மே மாதம், ஜிரோ தி இத்தாலியா ரேஸில் ஒரு இறக்கத்தில் அவர் விழுந்த வேகத்தில் சைக்கிளே இரண்டாக உடைந்தது.

அப்படிப்பட்டவர் அடுத்த ஆண்டே ஒரு புதுப் பாகத்தோடு போஜியோவில் இறங்கினார் என்றால், அது குருட்டு தைரியம் அல்ல. முன்பே பயிற்சியில் அதை ஓட்டிப் பார்த்திருந்தார். சீட் இறங்கியதால் உடம்பின் எடை தரைக்கு நெருக்கமாக வந்தது, வளைவுகளில் பிடிமானம் கூடியது. வேகத்துக்கு மட்டுமல்ல, தடுமாறினால் மீண்டு வரவும் அது உதவும் என்பது அவர் கணக்கு.

ஃபினிஷ் லைன் நெருங்கிய நேரத்தில் அவர் சைக்கிளில் ஒரு பாகம் நிஜமாகவே சதி செய்யப் பார்த்தது. செயின்! மிதிக்கும்போது நழுவி, ஒரு கணம் வெற்றியையே பறிக்கப் பார்த்தது.

காலம் காலமாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் செயின் அன்று தடுமாறியது. எல்லோரும் சந்தேகப்பட்ட சீட், சொன்ன வேலையைச் செய்துவிட்டு அமைதியாக இருந்தது.

ஆக, டிராப்பரை நம்பலாமா? நம்பலாம். இறங்குவதற்கு முன் ஒருமுறை லீவரை அழுத்திப் பார்த்துவிட்டு!