பகலில் பளிச், ராத்திரி அம்பேல்!

பி.காம். படித்தவனுக்கு அபார்ட்மென்ட்டில் என்ன பதவி கொடுப்பார்கள்? பொருளாளர். கைநாட்டு வாங்காத குறையாக என் தலையில் கட்டினார்கள். 24 வீடு, நாலு கேமரா, ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னைத் 'தம்பி' என்பார். சந்தாவுக்கு பயந்து நான் பொருளாளர் என்பதையே மறந்த மாதிரி நடிக்கும் மற்றவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

போன மழைக்காலத்தில் பின்பக்க ஷெட்டில் நிறுத்தியிருந்த இரண்டு பைக்கின் பேட்டரியைக் காணோம். கேமரா இருக்கிறதே என்று தெம்பாகப் போய்ப் பார்த்தால், சாயந்தரம் ஆறரைக்குப் படம் நின்றுவிட்டது. காலை ஆறு மணிக்கு மறுபடி பளிச்! முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

"தெரியலையா சார்? ராத்திரியில ஒயரைப் பிடுங்கிட்டு விடியறப்ப சொருகிடறார்" என்றார் செக்ரட்டரி. கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் பெட்டி கேட்டருகே மீட்டர் ரூமில் இருக்கிறது. பக்கத்திலேயே வாட்ச்மேனின் நாற்காலி. போதாதா? சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்தம், மாதக் கடைசியோடு வேலையும் காலி என்று கமிட்டி முடிவு செய்தது. செக் எழுதவேண்டிய பாவி நான்.

"நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்ல தம்பி" என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

இதற்கு முன் இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்திருந்தார்கள். இருவருமே மத்தியானம் வந்தார்கள். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்று விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். அவன்தான் கேட்டான்: "ஒயர் எத்தனை மீட்டர் சார்?"

சுமார் 80 மீட்டர்.

"அதான்!" என்று சிரித்தான். எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சம்பளம் 12,000 என்கிறார்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு? ஒயரும் பிடித்தம் செய்கிறது. எங்களுடையது 0.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பி. கரண்ட் போக 80, திரும்ப 80, ஆக 160 மீட்டர். ஏறக்குறைய 6 ஓம் தடை. பகலில் கேமரா இழுப்பது 150 மில்லி ஆம்பியர்தான். ஆறால் பெருக்கினால் 0.9 வோல்ட் பிடித்தம். 11 வோல்ட் போய்ச் சேருகிறது. கேமராவும் ஒழுங்காக வேலை செய்கிறது. இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அப்போது அரை ஆம்பியர். பிடித்தம் 3 வோல்ட்! மிச்சம் 9. பத்தே முக்காலுக்குக் கீழே போனாலே பல கேமராக்களுக்கு உத்தரவாதம் இல்லை. ஆக, திருடன் வரும் நேரம் பார்த்து மயக்கம்.

ஜார்ஜ் ஓம் என்கிற ஜெர்மானிய வாத்தியார் 1827-லேயே இந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். எங்கள் கமிட்டிக்குத்தான் தகவல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, சுள்ளென்ற வெயில். கமிட்டி மொத்தமும் மானிட்டர் முன்னால். வாட்ச்மேன் எங்கள் பக்கத்திலேயே, கையில் டீ கிளாஸோடு. பையன் ஏணியில் ஏறி, லென்ஸை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன லைட் சென்சாரை மட்டும் கட்டைவிரலால் மூடினான். கேமரா ராத்திரி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. படம் கறுப்பு வெள்ளையானது, நடுங்கியது, போயே போச்சு! விளக்கு அணைந்ததும் வோல்ட் ஏறி உயிர் வந்தது. விளக்கு எரிந்ததும் மறுபடி மூர்ச்சை.

யாரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் டீயை உறிஞ்சினார்.

செக்ரட்டரி சமாளித்துக்கொண்டு, "இங்கேருந்து 15 வோல்ட் அனுப்பிட்டா அங்க 12 வந்துடுமே?" என்றார். "பகல்ல 14 போகும் சார், கேமரா புகைஞ்சுடும்" என்றான் பையன். சரி, பின்பக்க மோட்டார் ரூமில் 230 வோல்ட் இருக்கிறதே, அங்கேயே அடாப்டர் மாட்டினால்? மாட்டலாம், செலவும் கம்மி. ஆனால் யு.பி.எஸ். இருப்பது கேட்டில். கரண்ட் போனால் அந்தக் கேமராவும் போய்விடும். (திருடனுக்கு அது போதும்.)

24 வோல்ட்டாக அனுப்பி, கேமராவுக்குப் பக்கத்தில் 12 ஆகக் குறைப்பது இன்னொரு வழி. வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் ஆம்பியர் பாதி, பிடித்தமும் பாதி. மின்வாரியத்துக்காரர்கள் ஊர்விட்டு ஊர் 400 கிலோவோல்ட்டில் கொண்டுபோவது இந்தக் கணக்கில்தான். கடைசியில் சுலபமானதற்கு ஒத்துக்கொண்டோம்: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். கனம் மூன்று மடங்கு, தடை மூன்றில் ஒரு பங்கு. ராத்திரியிலும் 11 வோல்ட்.

ஒயர் வாங்கக் கடைக்கு நானும் போனேன். பாதி விலைக்கு ஒன்று பளபளத்தது. பையன் பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம்! தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாம். கணக்கு எழுதுகிறவனுக்கே கை நடுங்கினாலும் நல்ல செம்பையே வாங்கினேன்.

பேட்டரி கிடைக்கவில்லை. பெரியவரிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பிடித்த 1,500-ஐ நான்தான் கவரில் போட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக:

"இனிமே பின்பக்கம் ராத்திரி முழுக்கத் தெரியுமா தம்பி?"

"பளிச்சுன்னு தெரியும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பீடி பிடிக்க எங்கதான் போறது?"