‘ஃபைல் மேல போயிருக்கு’: கடமலைக்குண்டுக்கும் சென்னைக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?

“ஃபைல் மேல போயிருக்குப்பா, வந்ததும் சொல்றோம்.” தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பக்கம் ஒரு சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ நாலு நடை நடந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. அந்த ‘மேல’ எங்கே இருக்கிறது?

கடமலைக்குண்டுக்குத் தாலுகா அலுவலகம் ஆண்டிபட்டியில். கலெக்டர் ஆபீஸ் தேனியில். அதையும் தாண்டினால் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, வங்கக் கடலோரம் இருக்கும் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை. மாநிலத்தின் கடைசிக் கையெழுத்து ஏன் கடற்கரையில் போய் உட்கார்ந்தது? அதை நகர்த்த முடியாதா?

எல்லாமே ஒரே இடத்தில்

கோட்டைக்குள் சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும். துறைகள் இயங்கும் 10 மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையும் அங்கேதான். வெளியே வந்தால் ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கி, துறைமுகம், சுங்கத்துறை, தலைமை அஞ்சலகம், சென்னை கலெக்டர் அலுவலகம். எதிர்ப்பக்கம் 1892-ல் கட்டி முடிக்கப்பட்ட உயர்நீதிமன்றம். அதை ஒட்டி பாரிமுனை, ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரத் தெருக்கள். அரசு, நீதி, பணம், சரக்கு என நாலும் பொடிநடையில் போய்விடும் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ஏன் கடற்கரை?

காரணம் கப்பல். 1639-ல் கிழக்கிந்திய கம்பெனி இங்கே இடம் வாங்கியது நாட்டை ஆள்வதற்காக இல்லை, துணி வியாபாரத்துக்காக. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலா படகுகளில் சரக்கைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அதனால் கிடங்கு கரையோரம் இருக்க வேண்டியிருந்தது. கிடங்குக்குப் பாதுகாப்பாகக் கோட்டை வந்தது. கோட்டையை நம்பி வியாபாரிகள் பக்கத்திலேயே குடியேறினார்கள். 1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் இன்றும் பாரிமுனையாக நிற்கிறது.

பிறகு அந்த வியாபாரக் கம்பெனியே அரசாங்கமாக மாறியது. கணக்கு எழுதிய இடத்திலேயே சட்டமும் எழுத ஆரம்பித்தார்கள். கடமலைக்குண்டோ, வருசநாடோ அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

சிங்கப்பூரில் சரிப்படுகிறதே?

நகரமே நாடாக இருக்கும் சிங்கப்பூரிலும் இதே அமைப்புதான். நாடாளுமன்றம் ஆற்றின் ஒரு கரையில், வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் மறுகரையில். ஆனால் அந்த நாடே தேனி மாவட்டத்தைவிடச் சின்னது. எந்த மூலையில் குடியிருந்தாலும் காலையில் கிளம்பி, வேலையை முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தமிழ்நாட்டின் பரப்போ சுமார் 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு துறைமுக நகரத்துக்குப் பொருந்தும் ஏற்பாட்டை இவ்வளவு பெரிய மாநிலத்துக்குப் போட்டால், ஓரத்தில் இருப்பவர் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்தே அரசாங்கத்தைப் பார்க்க முடியும்.

மாற்ற முயற்சி நடக்கவில்லையா?

நடந்தது. 1980-களில் முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோக விரும்பினார். கைகூடவில்லை. 2010-ல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் திறக்கப்பட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. புதுக் கட்டடம் 2014-ல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. ஓமந்தூரார் தோட்டமும் கோட்டைக்குப் பக்கம்தான் என்பதால், அந்த மாற்றம் நிலைத்திருந்தாலும் தேனிக்காரருக்குத் தூரம் குறைந்திருக்காது.

இதற்கிடையில் வியாபாரம் தானாகவே நகர்ந்துவிட்டது. கொத்தவால்சாவடி காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேடு போனது. ஐ.டி. நிறுவனங்கள் ஓ.எம்.ஆர். பக்கம் போயின. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. கையெழுத்து மட்டும் போகவில்லை.

அப்படியென்றால் எது உதவியது?

கடமலைக்குண்டுக்காரரின் அலைச்சலை நிஜமாகவே குறைத்தவை வேறு. 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது. கலெக்டரைப் பார்க்க மதுரை வரை போக வேண்டிய நிலை மாறியது. 2004-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தது. ரிட் மனுவுக்காக ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போக வேண்டிய கட்டாயம் போனது. பட்டா, சிட்டா ஆன்லைனில் வந்தது இன்னொரு படி. 2023 ஜூனில் தொடங்கிய போடி - சென்னை சென்ட்ரல் ரயிலும் உதவிதான். ஆனால் அது பயணத்தைத்தான் சுலபமாக்கியது. பயணம் தேவைப்படுவதற்கான காரணம் அப்படியே இருக்கிறது.

இன்னும் மீதி என்ன?

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை உற்பத்தியாகும் மலைகளைக் காப்பது அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவு சென்னையும் டெல்லியும் பேசி எடுத்தது. வருசநாடு, மேகமலைப் பக்கம் காட்டை ஒட்டி விவசாயம் செய்யும் குடும்பங்களின் நிலப் பிரச்னை பல ஆண்டுகளாக இழுக்கிறது. அவர்கள் மனு கொடுப்பது இங்கே, பதில் வரவேண்டியது அங்கிருந்து.

கடமலை - மயிலை ஒன்றியத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்படும் ஒன்றியக் குழு என்ற அமைப்பு உண்டு. உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. சிறு பாசனம், குடிநீர், சமூகக் காடுகள் எல்லாம் அதில் வருகின்றன. எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. அதாவது, அந்த முடிவும் கோட்டையில்தான்.

அடுத்த முறை ‘புதிய தலைமைச் செயலகம்’ என்ற பேச்சு எழும்போது, கட்டடம் எங்கே வரப்போகிறது என்பதைவிட, எந்தெந்தக் கையெழுத்து ஆண்டிபட்டிக்கும் கடமலைக்குண்டுக்கும் வரப்போகிறது என்பதைத்தான் இந்தப் பக்கத்து மக்கள் கேட்க வேண்டியிருக்கும்.