அன்று மணல், இன்று திரை! ஆசிரியர் தயாரா?

ராயபுரத்தில் இருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது, எழும்பூர். 1789-ம் ஆண்டு அங்கே ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கு ஓர் அனாதைப் பள்ளிக்கூடம் இருந்தது. அதைக் கவனித்து வந்தவர், ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதை ஒரு நாள் அவர் பார்த்தார். காகிதம் வேண்டாம்; மை வேண்டாம்; செலவே இல்லை! தம் பள்ளியிலும் அதைச் செய்ய விரும்பினார்.

ஆனால், கீழ்வகுப்பு ஆசிரியர், “இது நடக்காது” என்று கையை விரித்துவிட்டார்.

பெல் என்ன செய்தார், தெரியுமா? ஜான் பிரிஸ்கன் என்ற 8 வயது மாணவனைக் கூப்பிட்டார். அவனைப் பழக்கி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவன் சொல்லிக்கொடுத்தான்! பிள்ளைகள் எழுதினார்கள்!

இந்த முறை சீமைக்குப் போய், “மெட்ராஸ் முறை” என்று பெயர் வாங்கியது.

மணல் ஒன்றுதான். பெரியவரால் முடியாதது சிறுவனால் முடிந்தது. காரணம், அவன் பழக்கப்பட்டிருந்தான்.

இன்றைய மணல்

இன்று மணலுக்குப் பதில் திரை வந்திருக்கிறது.

தமிழக அரசு, 2024 ஜூன் மாதம் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் சுமார் 80 ஆயிரம் கணினிகள்! 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட “ஸ்மார்ட்” வகுப்பறைகளுக்கும் திட்டம் போட்டது.

நல்ல காரியம்தான். ஆனால் கருவி வந்துவிட்டால் போதுமா? தையல் மெஷின் வாங்கிவிட்டால் சட்டை தைத்துவிட முடியுமா?

எண்ணூரில் ஒரு பாடம்

“முகத்துவாரம் என்றால் என்ன?” இது பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் ஆசிரியர் திரையில் படத்தை ஓட விடுகிறார். மணி அடிக்கிறது. பிள்ளைகள் சினிமா பார்த்ததுபோல் எழுந்து போகிறார்கள்.

இன்னோர் ஆசிரியர், வானத்தில் இருந்து எடுத்த எண்ணூர்ப் படத்தைக் காட்டுகிறார். இதோ கொசஸ்தலை ஆறு. இதோ கடல். இரண்டும் சேரும் இடம் எது? பிள்ளைகள் ஓடி வந்து தொட்டுக் காட்டுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்ததே, அது எந்த வழியாக வந்தது என்று கேட்கிறார். பிறகு திரையை நிறுத்துகிறார். மீனவர் வீட்டுப் பிள்ளையை எழுப்பி, இறால் எங்கே கிடைக்கும் என்று சொல்லச் சொல்கிறார்.

கருவி ஒன்றுதான். பாடம் மட்டும் இரண்டு!

எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது, கரண்டு போனால் என்ன செய்வது? இதை எல்லாம் வேலைக்கு வந்த பிறகா கற்றுக்கொள்வது?

எங்கே பழகுவது?

ஆசிரியர் படிப்பில் இது இல்லாமல் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 2014-ல் புதிய விதிகள் போட்டது. பி.எட். படிப்பு 2 ஆண்டு ஆனது. தகவல் தொழில்நுட்பமும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. பள்ளிக்கூடத்திலேயே இருந்து பழக 20 வாரம் ஒதுக்கப்பட்டது.

அந்த வாரங்கள்தான் முக்கியம். கணினியைப் பற்றிப் பரீட்சை எழுதுவது வேறு. 40 பிள்ளைகள் முன்னே நின்று அதைப் பயன்படுத்துவது வேறு. பயிற்சி ஆசிரியர் ஒரே பாடத்தைக் கரும்பலகையில் ஒரு முறையும், திரையில் ஒரு முறையும் நடத்திப் பார்க்க வேண்டும். மூத்த ஆசிரியர் கூடவே இருந்து குறை நிறை சொல்ல வேண்டும்.

தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்கவேண்டுமே தவிர, ஆசிரியர் இடத்தைப் பிடிக்கக்கூடாது. ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவும் 2023-ம் ஆண்டு அறிக்கையில் இதையே வற்புறுத்தியது.

யாருக்கு நஷ்டம்?

காசிமேட்டில் அப்பா கடலுக்குப் போகிறார். திருவொற்றியூரில் அப்பா ஷிப்டு வேலைக்குப் போகிறார். பாடத்தில் சந்தேகம் வந்தால், வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். டியூஷனுக்குப் பணமும் இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். அங்கே திரை தூசி படிந்து கிடந்தால், நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

பெற்றோர்களே! அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, “திரை இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அதை வைத்து என்ன பாடம் நடந்தது?” என்றும் கேளுங்கள்.