விதி பணிந்தது, ஏகபோகம் நிமிர்ந்தது

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் விமான நிலையங்களில் நிகழ்ந்ததை ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகக் கோளாறு என்று கூறிக் கடந்துவிட ஒன்றிய அரசு முயல்கிறது. நாளொன்றுக்கு 2,200-க்கும் மேற்பட்ட விமானங்களை இயக்கும் இண்டிகோ, சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் அதிகம். மருத்துவமனைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இறுதிச் சடங்குக்கும் புறப்பட்டவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். எஞ்சிய விமானங்களின் கட்டணம் பல மடங்கு ஏறியது. தூரத்துக்கு ஏற்ப ரூ.7,500 முதல் ரூ.18,000 வரை உச்சவரம்பு விதிக்கும் நிலைக்கு, சந்தையே விலையைத் தீர்மானிக்கும் என்று இத்தனை காலமும் ஓதிவந்த அரசு தள்ளப்பட்டது.

இந்த நெருக்கடியின் வேர், விமானிகளின் ஓய்வு குறித்த விதியில் உள்ளது. களைத்துப்போன விமானி இயக்கும் விமானம் பயணிகளுக்கு ஆபத்து என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. விமானிகள் சங்கங்கள் நீண்டகாலம் போராடி, தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவையும் தட்டிய பிறகே புதிய பணிநேர விதிகள் நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவுப் பணியில் தரையிறக்கங்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இவ்விதிகள் அதே ஆண்டு ஜூன் மாதமே அமலாகியிருக்க வேண்டும். நிறுவனங்களின் நெருக்குதலால் அவை ஒத்திவைக்கப்பட்டு, 2025 ஜூலையில் முதல் கட்டமாகவும் நவம்பரில் இரண்டாம் கட்டமாகவும் அமலாயின. ஆயத்தம் செய்ய ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது. தேவையான விமானிகளைப் பணிக்கு அமர்த்தாமல், இருப்பவர்களைக் கசக்கிப் பிழிந்தே லாபத்தைப் பெருக்க நிர்வாகம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு பொய்த்தபோது விமானங்கள் நின்றன.

அடுத்து நடந்ததுதான் மிகுந்த கவலைக்குரியது. விதியை மதிக்காத நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவருவதற்கு மாறாக, அரசு விதியை வளைத்தது. இரவுப் பணிக் கட்டுப்பாடுகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு ரூ.22.20 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் வருவாய் ஈட்டும் நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் நின்றால் நாடே நின்றுவிடும் என்பதால்தான் அரசு பணிந்தது. ஏகபோகத்தின் வலிமை இதுவே. அதற்கு மிரட்டல் கடிதம் எழுதவேண்டிய தேவைகூட இல்லை.

இந்த நிலை தானாக வந்ததன்று. 1953-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைக்கப்பட்டன. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1994-இல் அச்சட்டம் ரத்து செய்யப்பட்டு வான்வெளி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. போட்டி பெருகும், கட்டணம் குறையும், சேவை செழிக்கும் என்றார்கள். கிங்ஃபிஷர் 2012-இல் முடங்கியது. ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது; அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்குமாறு 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023-இல் வீழ்ந்தது. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஊழியரின் சம்பளப் பாக்கியும் பொதுத்துறை வங்கிகளின் கடனும் காற்றில் கரைந்தன. போட்டியின் பெயரால் தொடங்கிய பயணம், இண்டிகோவும் டாடா குழுமமும் சேர்ந்து பத்தில் ஒன்பது பயணிகளைத் தம் பிடியில் வைத்திருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது.

ஏர் இந்தியாவை விற்றதற்கு அதன் நட்டமே காரணம் என்று இன்றும் கூறப்படுகிறது. அந்த நட்டத்தை ஊழியர்கள் உண்டாக்கவில்லை. நிறுவனத்தின் சக்திக்கு மீறி ஒரே மூச்சில் 111 விமானங்களுக்கு உத்தரவு கொடுத்தவர்களும், 2007-இல் ஆயத்தமின்றி இரு நிறுவனங்களை இணைத்தவர்களும், லாபம் தரும் வளைகுடா வழித்தடங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டவர்களும் தில்லியில் அமர்ந்திருந்த ஆட்சியாளர்களே. 2021-இல் விற்பனை முடிவானபோது அரசுக்கு ரொக்கமாகக் கிடைத்தது ரூ.2,700 கோடி. டாடா ஏற்ற கடன் ரூ.15,300 கோடி. மீதமிருந்த ரூ.46,262 கோடிச் சுமை அரசின் தோளில், அதாவது மக்களின் தோளில் ஏறியது. சொத்து தனியாருக்கு, கடன் மக்களுக்கு என்பதே தனியார்மயத்தின் இலக்கணம்.

விமானத்தில் பறப்போரின் சிக்கல் உழைக்கும் மக்களின் கட்சிக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளியும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணும் செவிலியரும் விமானத்தில்தான் செல்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் மூன்று மாதச் சேமிப்பைப் பயணச்சீட்டாகக் கொடுப்பவர்கள் அவர்களே. 1990-இல் குவைத் போரில் சிக்கிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து தாயகம் சேர்த்த பணியின் முதுகெலும்பாக நின்றது பொதுத்துறையான ஏர் இந்தியா. 2020-இல் பெருந்தொற்றின்போது அயல்நாடுகளில் தவித்தவர்களை அழைத்துவர முதலில் பறந்ததும் அதுவே. அடுத்த போர் மூளும்போது, லாபநட்டம் பார்க்காமல் புறப்படச் சொல்ல அரசிடம் எந்த விமானம் இருக்கும்?

விமான நிலையங்களின் கதையும் வேறன்று. 2019-இல் ஏலத்துக்கு விடப்பட்ட ஆறு நிலையங்களும் 50 ஆண்டுகளுக்கு ஒரே குழுமமான அதானியிடம் சென்றன. பின்னர் மும்பையும் அக்குழுமத்தின் வசமாயிற்று. திருவனந்தபுரத்தைத் தனியாருக்குக் கொடுப்பதைக் கேரள அரசு சட்டமன்றத் தீர்மானம் வரை சென்று எதிர்த்தும் பயனில்லை. மாநில அரசு முன்னின்று உருவாக்கிய கொச்சி விமான நிலையம் லாபத்தில் இயங்குவதோடு, 2015 முதல் முழுவதும் சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்கும் முன்னோடியாகவும் திகழ்கிறது. அரசால் நடத்த முடியாது என்ற வாதத்துக்கு அதுவே விடை.

செருப்பணிந்த எளிய மனிதரும் பறப்பார் என்ற முழக்கத்தோடு தொடங்கப்பட்ட உடான் திட்டத்தின் நிலையை 2023-ஆம் ஆண்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை தோலுரித்தது. முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கியவற்றில் 112 மட்டுமே மூன்றாண்டு மானியக் காலத்தை முடித்தன. மானியம் தீர்ந்ததும் விமானமும் மறைந்துவிடுகிறது. லாபமில்லாத ஊருக்குத் தனியார் நிறுவனம் பறக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையிலிருந்தவர்கள் உட்பட 260 பேர் மாண்டனர். அத்துயரத்தின் காரணத்தை விசாரணைதான் முடிவு செய்ய வேண்டும். தீர்ப்பை முந்திக்கொள்வது முறையன்று. எனினும் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டிய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதை அந்த ஆண்டே நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. ஆளில்லாத கண்காணிப்பு, களைத்த விமானி, ஏகபோக முதலாளி ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் வானத்தில் எந்தப் பயணியின் உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது.

ஆகவே, பிப்ரவரி 10-க்குப் பிறகு இண்டிகோவுக்கான விலக்கு ஒருநாள்கூட நீட்டிக்கப்படக் கூடாது. விலக்கிக்கொள்ளப்பட்ட வார ஓய்வுப் பிரிவு மீண்டும் அமலாக வேண்டும். இயக்குநரகத்தின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட்டு, அமைச்சகத்தின் பிடியிலிருந்து அதற்கு உண்மையான சுதந்திரம் தரப்பட வேண்டும். கட்டண உச்சவரம்பு நெருக்கடி நேரத்து மருந்தாக முடிந்துவிடாமல், நிலையான ஒழுங்குமுறையாக வேண்டும். அனைத்திற்கும் மேலாக, அரசின் கையில் எஞ்சியுள்ள அலையன்ஸ் ஏர் நிறுவனத்தையும், ஏர் இந்தியாவின் முன்னாள் பொறியியல் மற்றும் தரைச்சேவைப் பிரிவுகளையும் விற்கும் திட்டம் கைவிடப்பட வேண்டும். புதிய பொதுத்துறை விமானச் சேவையை அவற்றின் மீதே கட்டியெழுப்ப முடியும்.

ஓய்வு கேட்ட விமானிகளின் கோரிக்கையும், நிரந்தரப் பணி கேட்கும் விமான நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையும், நியாயமான கட்டணம் கேட்கும் பயணிகளின் கோரிக்கையும் ஒரே போராட்டத்தின் மூன்று முகங்கள். அவற்றை ஒன்றிணைப்பது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமை. டிசம்பரில் விதி பணிந்தது. அதை மீண்டும் நிமிரச் செய்யும் வலிமை, ஒன்றுபட்டு எழும் உழைப்பாளர்களிடமே இருக்கிறது.