பேய்க் கதையும் பேய் வியாபாரமும்

பேய்க் கதை படிப்பதால் யாரும் கெட்டுப் போய்விட மாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். கதையைக் கதை என்று சொல்லாமல், நடந்த சங்கதி என்று நம்பச் செய்து காசு பறிப்பதையே நாம் ஆட்சேபிக்கின்றோம்.

மேல்நாட்டில் “கோதிக்” கதை என்னும் பேய்க் கதை பிறந்த விதத்தைப் பாருங்கள். 1764-ஆம் வருஷக் கடைசியில் லண்டனில் ஹொரேஸ் வால்போல் என்பவர் “ஒட்ராண்டோ கோட்டை” என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் கல்யாண மாப்பிள்ளை மீது ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து அவன் நசுங்கிச் சாகிறான். சுவரில் மாட்டிய பாட்டன் படம் இறங்கி நடக்கிறது. இது 1529-இல் நேபிள்ஸில் அச்சான பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று வால்போல் முதலில் புளுகினார். ஆனால் 1765-இல் இரண்டாம் பதிப்புப் போட்டபோது, எல்லாம் தாமே கட்டியது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிறகு 1794-இல் ஆன் ராட்கிளிப் அம்மையார் எழுதிய கதையில், கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் கண்டு மயங்கி விழுந்தது வெறும் மெழுகுப் பொம்மை என்று முடிவில் வெளியாகிறது. 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய பூதமோ மந்திரத்தால் வந்ததன்று. படித்த வாலிபன் ஒருவன் ஆராய்ச்சியால் செய்தது. அதைத்தான் புதுமைப்பித்தன் “பிரேத மனிதன்” என்று தமிழில் தந்தார்.

நிற்க, நமது சேலம், நாமக்கல் பக்கம் கதைக்கு என்ன குறைவு? புளியமரத்தில் பேய், கிணற்று மேட்டில் மோகினி, உச்சிவேளையில் முனி! ஆனால் எந்தப் பூசாரியாவது இரண்டாம் பதிப்புப் போட்டு, இது நான் கட்டியது என்று சொன்னதுண்டா? புதிதாக வாழ வந்த பெண், மாமியார் வீட்டில் வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல் மயங்கி விழுந்தால், உடுக்கை அடிக்கின்றான், வேப்பிலையால் அடிக்கின்றான், முடிக்கற்றையை மரத்தில் வைத்து ஆணி அறைகின்றான். டாக்டருக்குப் போகவேண்டிய பணம் தட்சணையாகவும் கோழியாகவும் போகின்றது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒட்ராண்டோ கோட்டையில் பெண்ணை விரட்டுகிறவன் பேயல்ல. செத்த மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளத் துடிக்கும் கோட்டை எஜமான். நம் பழையனூர் நீலியும் பேயாவதற்கு முன் புருஷன் கையால் கொலையுண்ட மனைவிதான். நாமோ கொன்றவனை விட்டுவிட்டு, “நீலிக் கண்ணீர்” என்று செத்தவள் பெயரையே பெண்களை ஏசும் வசவாக்கிக் கொண்டோம். இதைவிட மோசமான அநியாயம் உண்டா?

எனவே தோழர்களே! பேய்க் கதையைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று யாராவது சொன்னால், அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவளை அழ வைத்தது யார் என்றும் அந்த வீட்டாரைக் கேளுங்கள்.