ஊர்க்கூத்தும் தில்லித் திரையும்

விழுப்புரத்தினின்று புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ளது வளவனூர். வளவன் என்பது சோழர்க்குரிய பழம்பெயர். ஊர்ப்பெயரிலேயே வரலாறு உறைகின்ற இவ்வட்டாரத்தில், வேனில் வந்துவிட்டால் சிற்றூர்கள்தோறும் பாரதக் கூத்துக் களைகட்டும். பகலில் பாரதச் சொற்பொழிவு; இரவில் விடிய விடியக் கூத்து; நிறைவு நாளில், களிமண்ணால் கிடத்திய துரியோதனன் உருவைச் சூழப் படுகளமும், மாலையில் தீமிதியும். முகவீணையும் மத்தளமும் தாளமும் முழங்க, கட்டியங்காரன் எள்ளி நகையாட, மரக்கட்டை அணிகள் பூண்ட வேடங்கள் அடவு பிடித்தாடும். கதை வடபுலத்தினின்று வந்ததே. எனினும் அதனைத் தமிழிற் பாடிய வில்லிபுத்தூரார் இத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர் என்பர். பாட்டும் பண்ணும் ஆட்டமுமோ இம்மண்ணில் உழைக்கும் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட செல்வங்கள்!

அச்செல்வத்திற்கு அரசின் தொலைக்காட்சி அளித்த இடம் யாது?

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15-இல் தொடங்கப்பெற்றது. 'வயலும் வாழ்வும்' போன்ற நிகழ்ச்சிகளால் உழவனின் முகமும் உழவனின் பேச்சும் திரையில் தோன்றின. அந்நன்மையை மறைத்தல் அறமன்று. ஆனால் 1982 ஆகத்து 15 முதல், நாடு முழுமைக்கும் ஒரே நிகழ்ச்சி என்னும் பெயரால் தில்லியின் குரல் தமிழர் இல்லங்களுட் புகுந்தது. 1988 முதல் 1990 வரை ஞாயிறுதோறும் காலையில் மகாபாரதம் இந்தியில் ஒளிபரப்பாயிற்று. ஊர்க் களத்தில் தம் தாய்மொழியில் பாரதம் கேட்டு வளர்ந்த மக்கள், அதே கதையைத் தமக்கு விளங்கா மொழியில், வாய்பேசாப் பொம்மைகளைக் காண்பதுபோற் கண்டனர். தமிழ்ப் பாரதம் தெருவில். இந்திப் பாரதம் திரையில்! இதனினும் இழிவு ஓர் இனத்திற்கு வேண்டுமோ?

ஒலி-ஒளிபரப்பு நிறுவனத்திற்கெனப் பாராளுமன்றம் 1990-இல் இயற்றி, 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நாட்டின் பல்வேறு பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் உரிய இடமளித்தல் அந்நிறுவனத்தின் கடமை எனக் கூறுகின்றது. எழுத்தில் இருப்பது இது. நடப்பது யாது? 2023-இல் வானொலியின் பெயர் எங்கும் 'ஆகாசவாணி' என்றே வழங்கப்பெறல் வேண்டும் என ஆணை பிறந்தது. 2024 சனவரியில் 'பொதிகை' என்னும் தண்டமிழ்ப் பெயர் நீக்கப்பட்டு, ஆங்கில எழுத்துகள் முன்நிற்க 'டிடி தமிழ்' என்றாயிற்று. அவ்வாண்டு அகத்தோபர் 18-இல் சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவோடு இந்தித் திங்கள் நிறைவு விழாவும் பிணைக்கப்பட்டது. ஆளுநர் கலந்துகொண்ட அம்மேடையிலேயே தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடத்தைப் போற்றும் வரி பாடப்படாது விடப்பட்டது. அறியாது நேர்ந்த பிழையென நிலையம் வருத்தம் தெரிவித்தது. பிழை அறியாது நேர்ந்ததாயினும் ஆகுக. தமிழ் நிலையத்தின் பொன்விழா மேடையில் இந்திக்கு விழாவெடுத்தது அறிந்தே செய்ததன்றோ?

இந்நிலை மாறாதென்று மனங்குன்றற்க. பிரித்தானியத் தீவில் வேல்சு மொழி பேசுவோர் அந்நாளில் ஏறத்தாழ ஐந்து இலக்கம் பேரே. அவர்க்கெனத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன தாட்சர் அரசு பின்னர்ச் சொல் தவறியது. 1980-இல் வேல்சுத் தலைவர் குவின்வர் எவன்சு, உண்ணாது உயிர் துறப்பேன் என்றார். அவ்வாண்டு செபுதம்பரிலேயே அரசு பணிந்தது; 1982 நவம்பர் முதல் நாள் வேல்சு மொழித் தொலைக்காட்சி ஒளிரத் தொடங்கியது. ஐந்து இலக்கம் பேர்க்கு இயன்றது, ஏழு கோடித் தமிழர்க்கு இயலாதோ? இயலாமை எண்ணிக்கையில் இல்லை, கேளாமையில் உள்ளது.

தனியார் அலைவரிசைகள் பல இருக்கின்றனவே எனச் சிலர் கூறுவர். விளம்பர வருவாயை நோக்கி நடக்கும் கடை, விலைபோகும் சரக்கையே விற்கும். விலைபோகாதாயினும் காக்கத்தக்கதைக் காப்பதற்கன்றோ மக்களின் வரிப்பணத்தில் ஒரு நிறுவனம்?

காட்டுதற்குப் பொருளில்லை என்பதும் பொருந்தாது. திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு 1981-இல் கண்டறியப்பட்டது. செங்கல்லும் மரமும் மாழையும் சுதையுமின்றிக் குடைந்த மண்டகப்பட்டுக் குடைவரை உண்டு. செஞ்சிக் கோட்டை உண்டு. கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை உண்டு. கிழமைக்கு ஓர் ஊரெனக் காட்டினும் இவ்வட்டாரம் ஒன்றிற்கே ஆண்டுகள் போதா. கல்வெட்டேனும் காத்திருக்கும், கூத்தன் காத்திரான். முதிய கூத்தாசிரியர் ஒருவர் மறையுங்கால், அவர் நெஞ்சிலிருந்த பாட்டும் ஆட்ட நுணுக்கமும் அவரோடு எரிந்துபோகின்றன.

ஆதலின் தமிழர் கேட்க வேண்டுவன மூன்று. ஒன்று: மாவட்டந்தோறும் ஊர்க்கலையும் ஊர்வரலாறும் கிழமைதோறும் மாலைப்பொழுதில், மக்கள் காணும் வேளையில், நற்றமிழில் ஒளிபரப்பப்பெறல் வேண்டும். இரண்டு: பாரதக் கூத்து முழுமையும், தலைக்கட்டு முதல் தீமிதி வரை, கூத்தர்க்கு உரிய ஊதியமளித்துப் பதிவு செய்யப்பெற்று எவரும் காணுமாறு வைக்கப்பெறல் வேண்டும். மூன்று: நிலையத்தின் பெயரும் நிகழ்ச்சிகளின் பெயரும் தமிழாதல் வேண்டும்.

வளவனூரிலும் திண்டிவனத்திலும் உள்ள தமிழ் மன்றங்கள் இதனை இன்றே எழுத்தில் வேண்டுக. விடை வரும்வரை மீண்டும் மீண்டும் எழுதுக. அதுவரை வாளா இராது, இளைஞர் தம் கைப்பேசியிலேனும் தத்தம் ஊர்க் கூத்தாசிரியரின் பாடல்களைப் பதிந்து வைக்க. இரப்பதன்று இது, தம் உடைமையைத் தாம் கேட்பது. தில்லித் திரையில் தமிழன் தன் முகத்தைத் தேடிய காலம் போதும். இனி அத்திரை தமிழ் மண்ணைத் தேடி வருக!