உள்ளே விட்ட துணி

மாடி வீட்டு அக்காவிடம் தையல் மிஷினை இரவல் கேட்கலாம். ஆனால் அது படியிறங்கி வராது. கால் மிஷின், இரும்பும் பலகையுமாகக் கனக்கும். பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் மேலே போக வேண்டும். ஊசி நம்முடையதாக இருக்க வேண்டும். எழுந்து வரும்போது பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். "புள்ளைங்க வந்து பின்பக்கமா மிதிச்சா நூல் சிக்கிக்கும் கண்ணு" என்பார்.

அந்தக் கறாரில் நியாயம் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த மிஷின் அது. அக்காவுக்குச் சோறு போடுவதே அதுதான். தீபாவளி நெருங்கினால் யாரும் வாய் திறக்க முடியாது. ரவிக்கை ஆர்டர் இல்லாத மதியங்கள்தான் நமக்கு.

துணியைப் பிரிக்கும்போதுதான் தைத்தவரின் மனசு தெரிகிறது. தெருமுனை டெய்லர் தைத்த ரவிக்கையைத் திருப்பினால், பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். உடம்பு கொஞ்சம் பூசினால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். வளர்கிற பிள்ளையின் பாவாடைக்கு அடியில் டக் பிடித்துவிடுவார்கள். உயரம் கூடக் கூட ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கோடாக நிற்கும். அதைப் பார்த்தே 'போன வருசப் பாவாடைதானே' என்று வகுப்பில் கண்டுபிடித்துவிடுவோம்.

ரெடிமேட் குர்தாவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே கால் அங்குலம் இருந்தால் அதிகம். ஓவர்லாக் மிஷினில் ஒரு கத்தி இருக்கிறது. ஓரம் அடித்துக்கொண்டே மிச்சத் துணியை நறுக்கித் தள்ளிவிடும். பிசிறு வராது, பார்க்கவும் நறுவிசு. ஆனால் அதைப் பிடித்துத் தைக்கலாமே தவிர, பெரிதாக்க வழியில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டும் கம்பெனிக்கு ஓர் உருப்படியில் மிச்சமாகும் அரை அங்குலமும் காசு. உடம்பு வளர்ந்தால் எம்மிலிருந்து எல்லுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து பழைய பேன்ட்டைப் பையாக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் கால் பகுதியை வெட்டி அடியை மூடிக் காது வைப்பதற்கு முன்னால், அந்த பேன்ட் இன்னும் கொஞ்ச காலம் பேன்ட்டாகவே ஓடுமா என்று பார்ப்பது என் வழக்கம். இடுப்பின் பின்பக்கத் தையலைப் பிரித்தால் பல நேரம் ஓர் அங்குலம் கிடைக்கும். ஆண்கள் பேன்ட்டில் மட்டும் அந்தத் தாராளம் இன்னும் மிஞ்சியிருப்பது ஏனோ! ஜீன்ஸில் அதுவும் கிடையாது. நீளம் குறைக்கலாம், அவ்வளவே. அதற்கும் 16ஆம் நம்பர் ஊசிக்குக் குறைந்து மாட்டக் கூடாது. தையல் மேல் தையல் வரும் தடித்த இடத்தில் காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். பனியன் துணி டீ-ஷர்ட்டைச் சாதாரண ஊசியில் தைத்தால் தையல் தாவும். அதை நான் மூட்டையில் சேர்ப்பதே இல்லை.

மகளுக்கு இப்போது துணியெடுத்துத்தான் தைக்கக் கொடுக்கிறேன். கால் மீட்டர் கூட எடுத்து, உள்ளே விடச் சொல்லிவிடுவேன். "அளவா தைச்சாதான் ஃபிட்டிங் நிக்கும்மா" என்று டெய்லர் முனகுவார். அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளப்போவது நான் என்பதால், கூலி குறையுமே என்ற கவலையும் அவருக்கு இருக்கலாம்.